கிளச்சு வழுக்குவதால் தையில் பார்க்கலாம்

எருத்தேன்பதி
1973, ஆனி 10

மலைமேலே பள்ளிவாசல் பவர்ஹவுஸில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை சின்னையன் அவர்களுக்கு, மாமன் காளிச்சாமி எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நாங்களும் கடலைக்காடும் மாடு கன்றுகளும் சௌக்கியம். அங்கே மழை, குளிர், அட்டைக்கடி எல்லாம் ஒரு அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. லீவு ஒரு தடவைதான் தருவார்கள், மோட்டார் சைக்கிள் சரியானதும் ஒரு வரி எழுதினால் வந்து வண்டியையும் கமலாத்தாளையும் பாப்பாவையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்விடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். பிரசவத்துக்கு வந்த பெண், பிள்ளைக்கு எட்டு மாதம் ஆன பிறகும் அப்பன் வீட்டில் இருப்பது எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனால் கிளச்சு என்று ஒன்று இருக்கிறதே, மாப்பிள்ளை. மகளும் பேத்தியும் பஸ்ஸில் வந்தாலும், மலை ரோட்டில் அந்த வண்டியில் போவது அவள் புருஷன் அல்லவா.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் விட்டுவிட்டுப் போனபோது கிளச்சுப் பிடி கல்லு மாதிரி இருந்தது, இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். வீட்டிலிருந்த விளக்கெண்ணெயைக் கேபிளுக்குள் விட்டேன், சுகமாகிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். பிடி லேசாக ஆடியது. கலப்பையில் எதுவும் ஆடக்கூடாது என்று பழகிய கை எனக்கு. பிடிக்குப் பக்கத்தில் இருந்த திருகை ஆட்டம் நிற்கும்வரை முறுக்கினேன். மறுநாள் கோவிந்தாபுரம் போகிற வழியில் வண்டியும் நிற்கப் பார்த்தது. இன்ஜின் கிடந்து அலறுகிறது, சக்கரம் வேண்டாவெறுப்பாக உருள்கிறது. புண்ணாக்கு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, கவுறு போட்டு இழுத்துட்டுப் போகட்டுங்களா?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான், அதுதான் தாங்கவில்லை.

பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் பிச்சைமணியைக் கூப்பிட்டேன். “உள்ளே கிளச்சுத் தகட்டுல பதிச்ச கார்க்கெல்லாம் தேஞ்சிருக்கும், கழட்டிப் பாத்தர்லாங்க” என்றான். அடுத்தவர் வண்டியை எப்படிச் சும்மா கழற்றுவது? கோயிலில் பூக்கேட்டேன், வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் சிவப்பு. மூன்றாம் வெள்ளிதான் ஆத்தா வெள்ளைப் பூக் கொடுத்தாள். பிறகு கார்க்குக்கு எங்கே போவது? பேறுகாலத்துக்கென்று நீங்கள் வாங்கி அனுப்பிய தசமூலாரிஷ்டம் ஆறு புட்டி பரணில் மிச்சமிருந்தது. நல்ல கெட்டிக் கார்க்கு, நறுக்கினால் தகட்டுக்குச் சரியாக வரும். மூடியை எடுத்த மருந்தைத் திறந்து வைத்தால் வீணாகிவிடும், கீழே ஊற்றவும் மனசு வரவில்லை. நானும் பிச்சைமணியும் ஆளுக்கு மூன்றாகக் குடித்து முடித்தோம். வண்டியை மறுபடி மாட்டியபோது இரண்டு வாசர் மிஞ்சியது. “அது உபரிங்க” என்றான். அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் அத்தை மருதாத்தாள், “புள்ள பெத்தவளுக்கு வாங்குன மருந்துங்க அது. நீங்க ரெண்டு பேரும் எதைப் பெத்தீங்க?” என்று கேட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிளச்சு வழுக்குகிறது, மாப்பிள்ளை. நான் என்ன செய்ய?

இன்ஜின் துருப்பிடிக்கக் கூடாதே என்று தினமும் காலையில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிறேன். பாப்பாவைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்வேன். அதுவும் கூடவே டுர்ர் என்னும். எங்கேயும் போகாத வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் போய்வருகிறோம். இன்ஜினை நிறுத்தினால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அதெல்லாம் மலைக்குப் போய்விட்டால் இந்த வாசல் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார்க்கவே பிடிக்கவில்லை. வண்டியை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மேலும் ஆடி வருகிறது, ஆடியில் பெண்ணை அனுப்பும் வழக்கம் இல்லை. ஆவணியில் கடலை பறிப்பு. ஐப்பசியில் உங்கள் ஊர் மழை பிள்ளைக்கு ஆகாது. மார்கழி பேச்சே வேண்டாம். தையில் நிதானமாக யோசிக்கலாம். அதுவரை லீவைச் செலவு செய்துவிட வேண்டாம். வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கரண்டுப் பக்கம் கவனமாக இருந்து, நூறு வயசு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமன்
காளிச்சாமி

பின்குறிப்பு: இதை எழுதுவது கமலாத்தாள். ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். ஏனுங்க, கிளச்சுக்கு ஒன்றும் இல்லைங்க. போன மாதமே பிச்சைமணியண்ணன் வந்து அந்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டார். பிடி கொஞ்சம் ஆட வேண்டுமாம், ஆட்டமே இல்லாமல் இறுக்கினால்தான் வழுக்குமாம். அன்றைக்கே அப்பாவை உட்காரவைத்துக் கோவிந்தாபுரம் போய்வந்தார். மறுநாள் விடிகாலையில் அப்பா எழுந்து போய் அதே திருகைப் பழையபடி முறுக்கிவைத்தார். அண்ணன் தளர்த்துகிறதும் அப்பா முறுக்குகிறதுமாகத்தான் இன்றுவரை நடக்கிறது. நானும் பார்க்காத மாதிரி இருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் லீவு போட்டுவிட்டு வாங்க. என்னையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்க. வண்டி மட்டும் இங்கேயே இருக்கட்டும். நாங்கள் போன பிறகு விடிகாலையில் எழுந்தால் அப்பாவுக்கு முறுக்குவதற்கு ஏதாச்சும் வேணுமல்லங்க.