ஒன்றுமே நடக்காத முதல் காட்சி

"மொதல்ல அந்த மிக்சிய நிறுத்து பிரியா!"

மிக்சி ஓடுகிற வீட்டில் யாரையும் பயமுறுத்த முடியாது என்பது மணிபாரதியின் கவலை. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். ஆனால் ரொம்ப நாளாக மனோதத்துவத் திகில் படக் கதை ஒன்றைச் சுமந்துகொண்டு அலைகிறான். கடைசியில் பாகூர் சிங்காரவேலு என்கிற கரும்பு விவசாயி, அதைப் படமாக எடுக்கப் போனிலேயே ஆசைப்பட்டுவிட்டார். "உன் வூட்டுக்கே வரேன் தம்பி. படத்தோட ஆரம்பத்த மட்டும் சொல்லு. வயித்த கலக்குச்சின்னா நாம எடுக்கறோம்."

அவர் வருகிற நாள் இன்றைக்கு. அவர் முகத்தை மணிபாரதி பார்த்ததில்லை.

அம்மா மகாலட்சுமி வில்லியனூர்க் கோயிலுக்குப் போயிருந்தாள். ஏம்பலத்து வீட்டில் அவனும் தங்கை பிரியதர்ஷினியும்தான். அவன் நாற்காலியை ஜன்னலோரம் போட்டான், பிறகு சுவரோரம், பிறகு மறுபடியும் ஜன்னலோரம்.

"சட்னி அரைக்காம இட்லிய எப்டிண்ணா துன்றது?"

"பொடி வெச்சி துன்னு. அவரு வர நேரம்."

"அப்பிடி இன்னா கத? பேயா?"

"பேய் வந்தா அது பேய்ப்படம். இதுல ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்காது. ஆனா ஏதோ நடக்கப்போவுதுன்னு பாக்கறவனுக்கு உள்ளுக்குள்ள அரிச்சிகினே இருக்கணும். 'இப்ப கத சொல்றேன்'னு ஆரம்பிச்சா அந்த பயமே போயிடும். அதனால அவரு உக்காந்த உடனே நேரா காட்சிக்குள்ள எறங்கிடுவேன்."

வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். பிரியா போனாள். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை அழைத்து வந்தாள்.

"அண்ணா, பெரியவரு வந்துட்டாரு. பேசினு இருங்க, நான் உள்ள காய் நறுக்கறேன்."

வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "வூடு நல்ல காத்தோட்டமா இருக்குது தம்பி."

மணிபாரதி குரலைத் தாழ்த்தினான். "இந்த மாரி ஒரு வூடு சார். அமைதியான வூடு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது."

"அப்பிடியா?"

"உள்ள ஒரு பொண்ணு. காய் நறுக்கினு இருக்கா. ரொம்ப சாது. ஹால்ல ஒரு விருந்தாளி. தண்ணி குடிக்கிறாரு."

அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் வெங்காய வண்டி, ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு நுழைந்தது. கட்டி வைத்த அமைதி சிதறிப்போனது. மணிபாரதி பாய்ந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"எதுக்கு தம்பி சாத்தற?"

"சத்தம் வெளிய போவக்கூடாது பாருங்க." உள்ளே வரக்கூடாது என்று சொல்ல வந்தது, அவசரத்தில் மாறிவிட்டது.

ஜன்னல் சாத்தியதும் மின்விசிறியின் கிறீச் கிறீச் பெரிதாகக் கேட்டது. அதையும் நிறுத்தினான். வந்தவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. மணிபாரதிக்கு உள்ளுக்குள் குதூகலம். கதை வேலை செய்கிறது!

"மொதல்லேருந்து சொல்றேன் சார். விருந்தாளிக்கு ஒண்ணும் தெரியாது. தன்னை நல்லாத்தான் கவனிக்கிறாங்கன்னு நெனச்சினு இருக்காரு."

சமையலறையிலிருந்து கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம் வந்தது. சர்ர்ர். நின்றது. மறுபடியும் சர்ர்ர். தங்கைக்கு இவ்வளவு ரசனை உண்டென்று அவனுக்கு இதுவரை தெரியாது.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மணியம்மாள், கையில் கிண்ணத்தோடு. "தம்பி, கொஞ்சம் ஒற மோரு..."

"அப்புறம் வாங்க பெரிம்மா!" கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான். "இனிமே யாரும் வரமாட்டாங்க சார். நாம மட்டும்தான்."

வந்தவர் எழுந்தார். "நான் கெளம்பறேன் தம்பி."

"இன்னும் ஆரம்பமே முடியல சார். உக்காருங்க."

உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிக் கேட்டார். "அந்தப் பொண்ணு... எப்பவும் இப்பிடித்தானா?"

கதாநாயகியைப் பற்றிக் கேட்கிறார்! மணிபாரதி நெகிழ்ந்துபோனான். "சின்ன வயசுலேருந்தே சார். ஆனா வெளிய யாருக்கும் தெரியாது. அவங்க அண்ணன்தான் எல்லாத்தையும் மறைக்கிறான்."

"மறைக்கறதுன்னா?"

"இதுக்கு முன்னாடி ஒரு விருந்தாளி வந்தாரு. இதே மாரி உக்காந்தாரு. அப்புறம் அவர யாருமே பாக்கல. செருப்பு மட்டும் வாசல்ல கெடந்துது."

வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவசரம். கொல்லப்பக்கம் எப்பிடிப் போவணும்?"

"சமையல்கட்டு வழியாத்தான் சார்."

அவர் சுவரோடு ஒட்டியபடி நடந்தார். சமையலறையில் பிரியா கத்தியும் கையுமாகத் திரும்பினாள். இனிமையாகச் சிரித்தாள்.

"அதுக்குள்ள இன்னா அவசரம்? சாப்ட்டுதான் போவணும்."

அடுத்து கொல்லை வேலி முறியும் சத்தம்தான் கேட்டது. மணிபாரதி ஓடிப்போய்ப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், வெறுங்காலோடு அவர் கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா பிரியா! ஆரம்பத்துக்கே இந்த ஓட்டம்! முழுக்கதையும் சொன்னா ஆளு பொழைக்கமாட்டாரு!"

அவன் ஆடிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது.

"தம்பி, சிங்காரவேலு பேசறேன். பாகூரு ஏரிக்கரைல வண்டி நின்னுபோச்சி. நாளிக்கி வரட்டுமா?"

மணிபாரதி முறிந்த வேலியைத் திரும்பிப் பார்த்தான். சிங்காரவேலு பாகூரில் இருக்கிறார் என்றால், கரும்புக்குள் ஓடியது யார்? அரை மணி நேரம் கழித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

கதவு தட்டப்பட்டது. திறந்தான். அம்மா ஒரு கையில் பிரசாதமும் காதில் செல்போனுமாக நின்றாள். "ஐயோ... அப்பிடியெல்லாம் இல்லீங்க..." என்று கெஞ்சிக்கொண்டே உள்ளே வந்தாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், செல்லிப்பட்டுலேருந்து, இவளுக்கு பாத்த மாப்ளயோட பெரியப்பா நாகராஜன் வந்தாராமே? சொல்லாம கொள்ளாம ஒரு நாளு வந்து வூட்ட பாப்போம்னு சொல்லினு இருந்தாங்க. அவர இன்னாடா பண்ணீங்க? யாரோ வண்டில ஏறிப் போயி, இன்னும் நடுங்கினு இருக்காராம். கொலகார வூட்ல பொண்ணு எடுக்கமாட்டோம்னு வெச்சிட்டாங்க!"



"எப்பேர்ப்பட்ட எடம்டா!" அம்மா மூக்கைச் சிந்தினாள். "நகை கேக்கல, வண்டி கேக்கல. இவ ஆஸ்பத்திரி லேப் வேலைய வுட்டுட்டு வூட்டோட இருக்கணும்னு அது ஒண்ணுதான் கேட்டாங்க. நானும் சரின்னு வாக்கு குடுத்துட்டேன்."

அம்மா முகம் கழுவக் கொல்லைக்குப் போனாள். மணிபாரதி தங்கை பக்கம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"என்ன மன்னிச்சிடு பிரியா. கத கதன்னு அலைஞ்சி உன் வாழ்க்கையில வெளயாடிட்டேன். அவரு யாரு, எதுக்கு வந்தாருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

பிரியா மிக்சிக்குள் தேங்காயைப் போட்டு மூடினாள்.

"வுடுண்ணா. வாசல்லயே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் உள்ள வந்தாரு."