முப்பத்தாறு மில்லிமீட்டர் வாய்

தணிகாசலம் ஒரு பொருளைச் சரி என்று சொல்லிவிட்டால் எமனே வந்தாலும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், காருக்குக் கதவுத் தாழ்ப்பாள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. அதைவிட ஒரு படி மேல் என்பது அவர் எண்ணம். சட்டைப் பையிலிருந்து எந்நேரமும் ஒரு வெர்னியர் எட்டிப் பார்க்கும். மயிரிழை கனத்தையும் அளந்து சொல்லும் இரும்பு அளவுகோல் அது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தப்புச் சாமானையும் அவர் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. வீட்டிலும் அதே கெடுபிடிதான். ஒரே ஈட்டில் வெந்த இரண்டு இட்லியை அளந்து, ஒன்று மட்டும் எப்படி இரண்டு மில்லி உப்பியது என்று பெண்டாட்டி சந்திரலேகாவிடம் விளக்கம் கேட்ட மனுஷர்.

அந்த இட்லியை அளக்கத்தான் முடியுமே தவிர, அவரால் முழுசாகக் கடிக்க முடியாது. பதினேழு வயதில் வாலாஜாபாத் சந்தைக்கு சைக்கிளில் போனவர் மதகுச் சுவரில் தாடை மோதி விழுந்தார். வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. ஆனால் காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டு கொஞ்சம் கொஞ்சமாய் எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதில் அவர் வாய் ஒன்பது மில்லிதான் திறந்தது. அளந்ததும் அவரேதான். வாய் ஒரு விரற்கடை, நாக்கோ நாலு முழம். கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்து கை கழுவிய பிறகும் அவர் பருப்புச் சோற்றை நுனி விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு முழு ஜாமூனை வாயில் போட்டு கன்னம் உப்ப மெல்ல வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் சென்னையில் ஒரு பெரிய டாக்டர், மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கலாம் என்றார். தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அது என்ன உலோகம், எந்த மிஷினில் கடைந்தது, அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் தாங்கும் என்று அவர் டாக்டரையே இன்ஸ்பெக்ஷன் பண்ணிவிட்டார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு குண்டைப் போட்டார். மூட்டை வைப்பதுதான் அவர் வேலையாம், வாயைத் திறப்பது நோயாளியின் வேலையாம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி, தினம் ஐந்து தடவை வாயை விரிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாலு மில்லி ஏற வேண்டும். முப்பத்தைந்து வரணும். வலிக்கிறது என்று விட்டுவிட்டால் மறுபடி இறுகிப்போகும், ஆபரேஷன் பண்ணியதே வீண் என்றார்.

சந்திரலேகா நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திறந்து அத்தனையையும் எழுதிக்கொண்டாள். உடம்பு இளைக்கக் கூடாது, முதலில் குடிக்கிற ஆகாரம், அப்புறம் மசியல், மூன்று மாசத்துக்கு முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று வரி வரியாக எழுதினாள். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போதே வீட்டில் ஒத்திகை தொடங்கிவிட்டது. மிக்ஸிக்குப் புது பிளேடு வந்தது. கேழ்வரகுக் கஞ்சி, நெய் விட்ட பயத்தங்கஞ்சி, வடிகட்டிய கோழிச் சாறு, முருங்கைக்கீரை சூப் என்று தினம் ஒன்றாக வைத்து, எது அவருக்கு இறங்குகிறது, எது குமட்டுகிறது என்று குறித்துக்கொண்டாள். அவரும் மார்க் போட்டார். கோழிச் சாற்றுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. முருங்கைக்கீரை ஜஸ்ட் பாஸ்.

அவர் பங்குக்கு ஒரு சார்ட் தயார் பண்ணிச் சுவரில் ஒட்டினார். தேதி, நேரம், வாய் அளவு, இன்ஸ்பெக்டர் கையெழுத்து என்று நாலு கட்டம்.

"கையெழுத்து யார் போடுவாங்க?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"நான்தான்."

"அளக்கறது?"

"அதுவும் நான்தான். இந்த வூட்ல வேற யாருக்கு அளக்கத் தெரியும்?"

அவள் சார்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

லீவில் போவதற்கு முந்தின நாள் கம்பெனியில் ஒரு சின்ன சம்பவம். மிஷின்களுக்குக் கருவி செய்துகொடுக்கும் டூல்ரூமில் வேலை பார்ப்பவர் மாசானம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், இவர்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறார். அவர் எட்டு எவர்சில்வர் குப்பிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கட்டைவிரல் அகலத்தில், ஒன்றைவிட ஒன்று உயரமாய், மழமழவென்று இருந்தன. என்ன மிஷினுக்கு என்று கேட்டதற்கு, ஸ்பெஷல் ஆர்டர் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மாசானம் கூரையைப் பார்த்தார். தணிகாசலம் எட்டையும் அளந்தார். ஏழாவது குப்பி அரை மில்லி கம்மி. செல்லாது என்று திருப்பி அனுப்பி, புதுசாகச் செய்துவரச் சொல்லி, அப்புறம்தான் அட்டையில் சரி என்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் இதைப் பத்து தடவை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். சந்திரலேகாவும் முதல் தடவை கேட்பது போலவே பத்து தடவையும் கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கஞ்சியும் சாறுமாய்ப் போயிற்று. எடை அரை கிலோகூடக் குறையவில்லை. ஆனால் ஐஸ் குச்சி இருக்கிறதே, அதுதான் எமன். முதல் இரண்டு நாள் வீரமாகச் செருகினார். மூன்றாம் நாள் ஒன்பதாவது குச்சியைத் தள்ளும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாலாம் நாளிலிருந்து, சந்திரலேகா அறைக்குள் வந்தால் குச்சி வாயில் இருக்கும், போனால் தலையணைக்கு அடியில் இருக்கும். சார்ட் மட்டும் தவறாமல் ஏறியது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினைந்து.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பன்னிரண்டு வருஷமாய் ஒரு பொய் அளவு எழுதாத கை அது. வாய் கம்பெனி சாமான் இல்லை, சொந்தச் சாமான், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சார்ட்டைக் காட்டினார். அவர்களும் ஆகா என்றார்கள்.

அந்த வாரம்தான் சந்திரலேகா ஒரு கரண்டி கொண்டுவந்தாள். வேப்பமரக் கைப்பிடி, முனையில் சின்ன எவர்சில்வர் குழி. முன்பல் படாமல், குழி முழுக்க உள்ளே போகணும், அப்பதான் தையல் இழுக்காது, இது டாக்டர் உத்தரவு என்றாள். அதில் பயத்தங்கஞ்சி. கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போயிற்று. ஒன்பது நாள் கழித்துக் கொஞ்சம் பெரிய குழி, அதில் நெய்யும் முட்டையும் போட்டு மசித்த சோறு. கரண்டி மாறினால் குழம்பு மாறும் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

நாலாவது கரண்டி வந்த அன்று செம்பரம்பாக்கத்து விரால் மீன், முள் எடுத்துக் குழம்போடு பிசைந்திருந்தாள். வாய் மறுத்தது. குழி உதட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"போவலைன்னா உடு மாமா, பழைய கரண்டி கீது. கஞ்சியே ஊத்தறேன்," என்றாள் சந்திரலேகா.

ஆசை யாரை விட்டது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு, காது மடல் சிவக்க, வாயைத் திறந்தார். ஒரு வேளைக்கு முப்பது கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கன்னம் கடுத்தது. குழம்பு இனித்தது. ஐஸ் குச்சி எதற்கு, சாப்பாட்டுக்கே வாய் வலிக்கிறதே என்று அலுத்துக்கொண்டு, அன்றைய கட்டத்தில் தோன்றிய எண்ணை எழுதிவிட்டுப் படுத்தார். பாவம், வெள்ளந்தியானவள், நாம் ஏமாற்றுவது கூடத் தெரியாமல் இப்படி மீன் மீனாய் ஆக்கிப் போடுகிறாளே என்று அவருக்கு அவள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

ஒருநாள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எங்கியோ பார்த்தா மாதிரி கீதே."

"கரண்டின்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தொற."

மூன்றாம் மாசம் டாக்டர் அளந்தார். முப்பத்தாறு. இன்னொரு தடவை அளந்தார். அதே முப்பத்தாறு. இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்று பயிற்சி டாக்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். தணிகாசலம் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீடு வரும்வரைகூட அவரால் அடக்க முடியவில்லை. பூந்தமல்லி தாண்டியதும் பஸ்ஸிலேயே பெண்டாட்டியின் காதில் போட்டார். டாக்டர்கிட்ட சொல்லாதே, மூணு நாளுக்கு மேல நான் குச்சிய தொடவே இல்ல, சார்ட்டுல இருக்கிறதெல்லாம் சும்மா, உடம்பு நல்ல உடம்பா இருந்தா வாய் தானா தொறக்கும் என்று நீட்டி முழக்கினார். சந்திரலேகா ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி "அப்பிடியா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டு வைத்தாள். தட்டில் சோறு இல்லை. எட்டுக் கரண்டிகள் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக இருந்தன. பக்கத்தில் அவருடைய வெர்னியர்.

"அள மாமா."

அளந்தார். முதல் குழியின் உயரம் பன்னிரண்டு மில்லி. அடுத்தது பதினாறு. அப்படியே ஏறி, ஏழாவது முப்பத்திமூன்று, எட்டாவது முப்பத்தாறு. அளக்க அளக்க, வாய் தானாகத் திறந்ததல்ல என்று அவருக்குப் புரிந்தது.

"குச்சிய நீ மூணு நாள்ல உட்டுடுவேன்னு எனக்கு முன்னயே தெரியும். சோத்த உடமாட்டேன்னும் தெரியும். அதான் ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடியே மாசானத்தாண்ட சொல்லி வெச்சேன்."

பழைய இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். கம்பெனி தகடு, கம்பெனி டூல்ரூம், சொந்த வேலையா என்று குதித்தார். மாசானத்தை மாடியிலிருந்து இறங்கி வரச் சொன்னார். தகடு மைனி கொடுத்த பழைய எவர்சில்வர் தூக்குதான், கம்பெனிது இல்லை அண்ணாச்சி என்று சந்திரலேகாவைக் காட்டினார் மாசானம். இருக்கட்டும், கணக்கில் இல்லாத சாமானைக் கேட்டைத் தாண்ட விட்ட குருட்டு இன்ஸ்பெக்டர் யார், அவன் பேரைச் சொல், நாளைக்கே மேலே எழுதுகிறேன் என்று நின்றார் தணிகாசலம்.

மாசானம் மறுபடி கூரையைப் பார்த்தார். சந்திரலேகா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் கறை பட்ட ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். எட்டு அளவுகள், ஏழாவதற்கு நேரே 'திருப்பி அனுப்பி மறுபடி வந்தது' என்ற குறிப்பு, கீழே சரி என்று கையெழுத்து. த. தணிகாசலம்.

"நல்ல இன்ஸ்பெக்டர்தான் மாமா. அந்த அரை மில்லிய அவரு சும்மா உட்டிருந்தா, உன் வாய் அங்கியே நின்னிருக்கும்."

தணிகாசலத்துக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதை மீறிக்கொண்டு ஒரு பெருமை பொங்கியது. பன்னிரண்டு வருஷம் கம்பெனி கம்பெனியாகத் தேடினாலும் இப்படி ஒரு ஆள் கிடைக்குமா, இதுவல்லவா இன்ஸ்பெக்ஷன் என்று சொல்ல நினைத்தார். வாய் மட்டும் அகலமாகப் பிளந்துகொண்டது.

சந்திரலேகா வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு முழு ஜாமூனை அதில் போட்டாள். நேரே சுவருக்குப் போய்ச் சார்ட்டின் கடைசி வரியில் முப்பத்தெட்டு என்று எழுதி, இன்ஸ்பெக்டர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.