ரெண்டாம் வகுப்புத் தகவலக்கா

எந்தப் பள்ளிக்கூடத்தை வேணா எடுத்துக்கோங்க, எந்த வகுப்பை வேணா எடுத்துக்கோங்க, அங்க டீச்சர்னு ஒருத்தங்க இருப்பாங்க. அவங்களுக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. அதே வகுப்புக்கு இன்னொருத்தங்களும் இருப்பாங்க. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, யாரும் வேலைக்கு வெச்சதும் கிடையாது. அவங்கதான் தகவலக்கா.

ஆம்பளைங்கள்லயும் இந்த இனம் உண்டு. ஆனா அவங்க அனுப்புற தகவல் பாதி நேரம் வேற வகுப்போடதா இருக்கும்.

அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம். பெற்றோர் குரூப்புல டீச்சர் "நாளை கலர் பென்சில் கொண்டு வரவும்"னு ஒரே ஒரு வரி போடுவாங்க. போன் சத்தம் அடங்கறதுக்குள்ள தகவலக்காவோட விளக்கவுரை வந்து விழும். "டீச்சர் சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லிடறேன். கலர் பென்சில்னா கிரேயான் இல்ல. ஸ்கெட்ச் பேனாவும் இல்ல. சீவி அனுப்பணும். ஒரு பக்கம் மட்டும் சீவணும். பேர் ஒட்டணும். ஒட்டினது கிழியாம இருக்க மேல டேப் போடணும்." அதுக்குக் கீழ வரிசையா "தேங்க்ஸ் அக்கா", "தேங்க்ஸ் அக்கா". அதுக்கும் கீழ ஒரு அம்மா வந்து கேக்கும்: "நாளைக்கு என்ன கொண்டு வரணும்?"

விரலால ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தா மேலயே இருக்கு. தள்ளாது. விரல் தேஞ்சிடும் பாருங்க! ஆனா அதுக்காகத் தகவலக்கா கோவிச்சுக்க மாட்டாங்க. ஊருல எல்லாரும் படிச்சுப் பார்த்துட்டா அப்புறம் இவங்களுக்கு என்ன வேலை? சாப்பிடுறவங்களுக்குப் பசி இருக்கிற வரைக்கும்தானே சமைக்கறவளுக்கு மரியாதை?

நாம பார்க்கப் போற தகவலக்காவுக்கு வீட்டுக்காரர் பிரிட்ஜ் ரிப்பேர் பண்றவர், பொண்ணு ரெண்டாம் வகுப்பு. காலையில ஸ்கூல் கேட்டுல நிக்கற வாட்ச்மேன்கிட்ட ரெண்டு வார்த்தை, சாயங்காலம் வெளியில வர்ற பிள்ளைங்ககிட்ட நாலு வார்த்தை, வீடு வந்து சேர்றதுக்குள்ள மொத்த வகுப்பு நிலவரமும் கையில இருக்கும். எந்தப் பிள்ளைக்குப் பல்லு விழுந்துச்சு, எந்தப் பிள்ளை வாய்ப்பாட்டுல ஏழோட நின்னு போச்சு, டீச்சருக்குத் தொண்டை கட்டினதுக்கு யார் காரணம், எல்லாம் தெரியும்.

சொந்தப் பொண்ணு வாயில இருந்து மட்டும் ஒண்ணும் வராது.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா?"

"ம்ஹும்."

"ஒண்ணுமே நடக்காததுக்கா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு டிபன் பாக்ஸ் கட்டினேன்?"

பிள்ளைங்க பேசுறதுக்குன்னு ஒரு நேரம் இருக்குங்க. நாம உக்கார வெச்சுக் கேட்டா பேசாது. அடுப்புல பால் பொங்கி வரும்போது பேசும். நாம குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு பேசும். போன்ல யாரோ அழுதுக்கிட்டு இருக்கும்போது முந்தானையை இழுத்துப் பேசும். தகவலக்கா இதையெல்லாம் கணக்குல எடுக்கல. "எங்க வீட்டுச் சின்னது வாயில பூட்டு"ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாங்க.

இப்படி நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டிச் சக்கரத்துல, ஒரு திங்கட்கிழமை டீச்சர் கட்டையைக் கொடுத்தாங்க.

"பெற்றோருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் ஒரு சின்ன நிகழ்ச்சி, நீங்களும் வாருங்கள். என்ன கொண்டு வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நினைவில் வைத்து வீட்டில் வந்து சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் இந்த வாரப் பாடம். வெள்ளி வரை குரூப்பில் நான் எதுவும் போடமாட்டேன்."

தகவலக்கா கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களை நம்பியா? பல்லு தேய்ச்சியான்னு கேட்டா தேய்ச்சிட்டேன்னு சொல்லி, காஞ்ச பிரஷ்ஷைக் காட்டுற கூட்டம் அது!

மெசேஜ் வந்து விழ ஆரம்பிச்சுது. முதல்ல ரெட்டைப் பிள்ளைக்காரி.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு என்னக்கா? எங்க ரெண்டும் ஏதோ உளறுதுங்க."

என்ன உளறுதுங்கன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். கேக்க முடியுமா? கேட்டா, தனக்குத் தெரியாதுன்னு ஆயிடுமே! நர்சரியில இருந்து கட்டிக் காத்த பேரு. அதுலயும் குரூப்புல பல் டாக்டர் அப்பான்னு ஒருத்தர் இருக்காரு. அக்கா எது போட்டாலும் கீழ வந்து "உறுதியா?"ன்னு ஒத்தை வார்த்தை கேப்பாரு. இவங்க எப்ப சறுக்குவாங்க, அந்த நாற்காலியில நாம எப்ப உக்காரலாம்னு காத்துக்கிட்டு இருக்கற மனுஷன். அவர் கண்ணு முன்னாடி "தெரியல"ன்னு போடறதா? அதுக்கு குரூப்பை விட்டே போயிடலாம்.

"கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்"னு எல்லாருக்கும் தட்டிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல பொண்ணு வந்து நின்னுது.

"அம்மா, அப்பாவோட பழைய சாக்ஸ் ஒண்ணு வேணும்."

"ம்."

"ஓட்டையா இருந்தாலும் பரவாயில்லையாம்."

"ம்… ம்…"

"பெரியவங்க சாக்ஸ்தான் வேணுமாம். டீச்சர் சொன்னாங்க, வெள்ளிக்கிழமை…"

"இரு கண்ணு, வெள்ளிக்கிழமைக்கு என்னன்னுதான் அம்மா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். தொந்தரவு பண்ணாத."

கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு சொல்வாங்க. இங்க வெண்ணெயே வந்து நின்னு "அம்மா, நான்தான் வெண்ணெய்"னு கத்துது. இவங்க "ம்"ங்கறாங்க.

பொண்ணு கொஞ்ச நேரம் நின்னு பார்த்துச்சு. அப்புறம் தானே போய் அப்பா அலமாரியைத் திறந்து, ஜோடியைத் தொலைச்சுட்டு நின்ன ஒத்தை சாக்ஸ் ஒண்ணை எடுத்துப் பையில போட்டுக்கிச்சு. அப்பாகிட்டயும் கேட்டுச்சாம். அவரும் பிரிட்ஜ் மோட்டாரைப் பார்த்துக்கிட்டே "ம்"ன்னாராம்.

புதன்கிழமை காலையில வாட்ச்மேன் வாயைத் திறந்தாரு. "ரெண்டாம் வகுப்புக்குப் பெரிய பெரிய அட்டைப்பெட்டியா வந்து எறங்கியிருக்கும்மா. எதுக்குன்னு தெரியல."

அவருக்குத் தெரியல. அக்காவுக்குத் தெரிஞ்சுடுச்சு. அட்டைன்னா என்ன? அட்டை வீடு! வேற என்னவா இருக்க முடியும்? வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டல. "முக்கிய அறிவிப்பு. வெள்ளிக்கிழமை, அட்டையில் வீடு. கதவு ஒன்று, ஜன்னல் இரண்டு. கூரை பிரிந்து விழாமல் ஒட்டவும். வர்ணம் உங்கள் விருப்பம்."

"உறுதியா?"ன்னாரு பல் டாக்டர்.

"நூத்துக்கு நூறு."

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு பசையும் கத்திரிக்கோலும். பல் டாக்டர் வீட்டுப் பையன் சொல்லிப் பார்த்தான். "அப்பா, வீடு இல்லப்பா. சாக்ஸ்ப்பா."

"சாக்ஸா? எந்த ஸ்கூல்லடா சாக்ஸ் கொண்டு வரச் சொல்வாங்க?"

"டீச்சர்தான்ப்பா சொன்னாங்க."

"உனக்குச் சரியா காதுல விழுந்திருக்காது. அக்கா போட்டிருக்காங்க பாரு, நூத்துக்கு நூறாம். அந்தப் பசையை எடு."

ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டும் ஒரே மாதிரி சாக்ஸ்னுதான் சொல்லுச்சுங்க. "ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லுதுங்க"ன்னு அவங்க அம்மா ரெண்டு வீடு கட்டினாங்க.

தகவலக்கா சும்மா இருப்பாங்களா? மாடி வெச்சே கட்டினாங்க. பொண்ணு சுத்திச் சுத்திப் பார்த்துச்சு.

"இது எதுக்கும்மா?"

"எதுக்கா? எல்லாரும் கொண்டு வர்றாங்கடி!"

எல்லாரும் கொண்டு வர்றது தான் சொன்னதாலதான்கிறது அந்த நேரத்துல அவங்களுக்கே மறந்து போச்சு. வதந்திக்கு இருக்கற பலமே அதுதானே? கிளப்பிவிட்டவங்க வீட்டுக்கே ஒரு சுத்து சுத்தி வந்து, "விஷயம் தெரியுமா?"ன்னு கேக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஊரே இடம் பெயர்ந்து போச்சு. தலைமேல வீடு, இடுப்புல வீடு, ஸ்கூட்டர் பின்னாடி ரெட்டை வீடு. பல் டாக்டர் தன் வீட்டுக்குள்ள பேட்டரி போட்டு விளக்கே எரிய விட்டிருந்தாரு. வகுப்பு வாசல்ல டீச்சர் நின்னு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி, அந்தப் பெரிய அட்டைப்பெட்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, முன்னாடி துணி தொங்கவிட்ட பொம்மலாட்ட மேடையா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"அழகா இருக்குங்க. ஆனா எதுக்கு இத்தனை வீடு? நான் பெரியவங்களோட பழைய சாக்ஸ்தானே கேட்டேன்? கையில மாட்டிப் பொம்மையாக்கி, வீட்டுல ஒருத்தர் மாதிரிப் பேசிக் காட்டணும்னு சொன்னேனே? பிள்ளைங்க சொல்லலியா?"

"சொன்னோம்!" மொத்த வகுப்பும் ஒரே குரல்ல கத்துச்சு.

எல்லாத் தலையும் தகவலக்கா பக்கம் திரும்புச்சு. பல் டாக்டர் தொண்டையைச் செருமினாரு. "நான் அப்பவே உறுதியான்னு கேட்டேன்."

அக்காவுக்குக் காது சூடாயிடுச்சு. நாற்காலி போச்சு, போயே போச்சுன்னு நினைச்ச அந்த நிமிஷத்துல, பொண்ணு பைக்குள்ள கையை விட்டு ஒத்தை சாக்ஸை எடுத்துச்சு. வகுப்புலயே ஒரே சாக்ஸ். அக்காவுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. வந்த வேகத்துல வாயும் சேர்ந்து வந்துச்சு.

"பார்த்தீங்கள்ல? எங்க வீட்டுல எப்பவுமே பிள்ளை பேச்சுதான் முதல்ல. வீடு வந்து… சும்மா, மேடை அலங்காரத்துக்கு."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

அதுக்குள்ள வாசல்ல ஒரே களேபரம். சாக்ஸ் போட்டு வந்திருந்த அப்பாங்க எல்லாம் அன்னைக்கு ராஜா. பல் டாக்டர் பளபளன்னு இருந்த ஷூவைக் கழட்டி, ஒத்தைக் கால்ல குதிச்சுக்கிட்டே ஒண்ணை உருவினாரு. ரெட்டைப் பிள்ளைக்காரி விடல. "சார், இன்னொண்ணையும் கழட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்கு ரெண்டு வேணும்." வாட்ச்மேனும் தன் பங்குக்கு ஒரு ஜோடி குடுத்தாரு, மனசு உறுத்தி. வீடுங்களை வரிசையா மேடைக்கு முன்னாடி வெச்சு டீச்சர் ஒரு தெருவே ஆக்கிட்டாங்க.

முதல்ல யாரு? சாக்ஸை ஒழுங்கா கொண்டு வந்த பிள்ளைதான்.

பொண்ணு மேடைக்குப் பின்னாடி போச்சு. துணிக்கு மேல சாக்ஸ் தலையை நீட்டுச்சு. ஓட்டை வழியா ஒரு விரல் வெளிய எட்டிப் பார்த்துச்சு.

"நான்தான் எங்க அம்மா"ன்னுச்சு சாக்ஸ். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு கண்ணு?"

அக்கா பெருமையா சுத்திப் பார்த்தாங்க.

"அம்மா, இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்கன்னா…"ன்னு பொண்ணு தன் குரல்ல ஆரம்பிச்சுது.

"ம்… ம்… இரு. இதை மட்டும் அனுப்பிட்டு வந்துடறேன்." சாக்ஸ் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. குனிஞ்ச தலை நிமிரவே இல்ல.

சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. பல் டாக்டருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஐயோ, அது அந்த சாக்ஸ் குனிஞ்ச மாதிரியே இருந்துச்சு.

அடுத்தது பல் டாக்டர் பையன். அப்பாவோட சூடு ஆறாத சாக்ஸை மாட்டிக்கிட்டு வந்தான். "நான்தான் எங்க அப்பா. ம்… சொல்லுடா… ம்… கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்… என்ன சொன்ன?"

பல் டாக்டர் வாயை மூடிக்கிட்டாரு. இப்ப அக்கா சிரிச்சாங்க, வகுப்பு அதிரச் சிரிச்சாங்க. அப்புறம் ரெட்டைப் பிள்ளைங்க வந்துச்சுங்க. ரெண்டு சாக்ஸும் ஒரே நேரத்துல "ம்"ன்னுச்சு. வரிசையா வந்த ஒவ்வொரு சாக்ஸும், பூப்போட்டது, கோடு போட்டது, வாட்ச்மேனோட காக்கி, எல்லாம் தலையைக் குனிஞ்சு "ம்"ன்னுச்சு. கடைசியில பிள்ளைங்க மட்டும்தான் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க.

தகவலக்கா திருந்தினாங்களான்னு கேக்கறீங்களா? ரொம்பவே! வீட்டுக்குப் போன கையோட குரூப்புல முதல் ஆளாப் போட்டாங்க: "முக்கிய அறிவிப்பு. பிள்ளைகள் பேசும்போது போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்கவும். எல்லாரும் தவறாமல் கடைப்பிடிக்கவும்." இதை அவங்க எழுத்துக்கூட்டித் தட்டிக்கிட்டு இருக்கும்போது முழங்கைக்குப் பக்கத்துல நின்னு பொண்ணு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, திங்கட்கிழமைக்கு என்ன கொண்டு போகணும்னு.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க, தப்பில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல ஒரு சின்னக் குரல் பக்கத்துல வந்து ஏதோ சொல்லுச்சே. நீங்களும் தலையை நிமிர்த்தாம ஏதோ பதில் சொன்னீங்களே.

என்ன கேட்டுச்சு?