கூடத்தில் ஆலமரம் வைத்தவர்

போன்சாய்க்காரர் என்று ஓர் இனம் நம் அடுக்குமாடிகளில் புதிதாகப் பெருகி வருகிறது, கவனித்தீர்களா? பல வருஷமாய் மரம் வளர்த்துப் பழகியவரைச் சொல்லவில்லை. அவர் கேட்டால்கூட வாய் திறக்க மாட்டார். நேற்றுச் சாயங்காலம் முதல் மரத்தை வாங்கிவந்து, இன்று காலையில் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன்.

இந்த இனத்தைத் தேடி நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் ஓரகத்தியின் தம்பி இருக்கிறானே, அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை கோவிந்தராஜ். எனக்கு அண்ணன் முறை. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்சைக் காலி செய்து, மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் மகன் சூர்யா வாங்கிய நாலாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தவர். மகன் விடிந்ததும் வேலைக்குச் சாகண் பஸ் ஏறிவிடுவான். குவார்ட்டர்சில் குழாயடியிலேயே பாதி நாளைப் பேசிக் கழித்த பவுன் அண்ணிக்கு, இங்கே எல்லாக் கதவும் சாத்தியே இருப்பது நெஞ்சை அடைத்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நாலு பெண்கள் வந்து ஹாலில் உட்கார்ந்து, டீ குடித்து, பேசிவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஹாலுக்குத்தான் மரம் வந்தது.

மரம் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே! என் ஓரகத்தி மகள் சந்திரிகாவுக்கு மாப்பிள்ளை தேடியபோது அவள் அப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் சேர்ந்துகூட இத்தனை விசாரிக்கவில்லை. போனில் ஒரு வீடியோ, அந்த வீடியோக்காரர் பார்க்கச் சொன்ன இன்னொரு வீடியோ, நர்சரிக்கு நடைமேல் நடை, மரத்துக்கு வயசென்ன, பூர்வீகம் எது, வேர் எப்படி, இடுப்பு எப்படி, வம்சத்தில் யாருக்காவது பூச்சி விழுந்ததுண்டா என்று அண்ணன் கேட்காத கேள்வி இல்லை. ஜேடு செடியைக் காட்டினார்கள். "இது எல்லா ஆபீஸ் மேசை மேலயும் குந்திகினு இருக்குது, நமக்கு மதிப்பா இருக்காது" என்றார். ஜூனிபரைக் காட்டினார்கள்; கண்ணைப் பறித்தது. ஆனால் வெயிலும் காற்றும் இல்லாமல் அது வீட்டுக்குள் தங்காது என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டார். "வெளிய சுத்தற குணம். வேணாம்." கடைசியில், புதிதாய் வளர்ப்பவருக்கு இதுதான் தோது என்று நர்சரிக்காரர் முதல் நாளே காட்டிய முழ உயர ஆலமரத்தையே, தானே காட்டுக்குள் போய்க் கண்டுபிடித்தவர் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆலமரத்த யாருனா ஊட்டுக்குள்ள வெப்பாங்களா?" என்றார் அண்ணி.

"முழ ஒசரம்தான் பவுனு. தோஷம் இருந்தாலும் அதே ஒசரம்தான் இருக்கும்."

அன்றிலிருந்து ஹாலுக்குச் சட்டம் மாறியது. ஜன்னலோரம் டீப்பாய், அதன்மேல் மரம். வெளிச்சத்தை மறைக்கிறது என்று சோபா மூலைக்குப் போனது. காற்று இலையை உலர்த்துகிறது என்று மின்விசிறி நின்றது. கூரியர் கொண்டுவந்த பையனை நிறுத்தி, "நம்ம அனுபவத்துல சொல்றேன், இலை பேசும்பா, நாமதான் காது குடுக்கணும்" என்றார். அனுபவம் எத்தனை நாள்? மரத்தைச் சுற்றியிருந்த நர்சரித் தாள் இன்னும் குப்பைக்குப் போகவில்லை! எதிர்வீட்டு ஷிந்தே வஹினி (மராத்தியில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருநாள் ஏதோ பலகாரம் கொண்டுவந்தார். கிண்ணத்தை டீப்பாய்மேல் வைக்கப் போனதுதான் தாமதம், "அரே, வேரு! வேரு!" என்று அண்ணன் பாய்ந்த பாய்ச்சலில், வஹினி கிண்ணத்தோடு திரும்பியவர்தான். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. அண்ணி மரத்தைப் பார்த்த பார்வையை மரமாக இருந்தால்தான் தாங்க முடியும்.

அப்படியே போயிருக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் வட பௌர்ணமி வந்தது. மராத்திப் பெண்கள் ஆலமரத்துக்கு நூல் சுற்றி, ஏழு முறை வலம் வந்து, ஏழு பிறவிக்கும் இதே கணவன் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிற நாள். அன்றைக்கென்று மழை கொட்டியது. தெருமுனை ஆலமரத்தைச் சுற்றி முழங்கால் தண்ணீர். ஷிந்தே வஹினிக்கு நாலாம் மாடி ஆலமரம் நினைவுக்கு வந்தது. மூக்குத்தியும் பச்சை வளையலுமாய், பூஜைத் தட்டோடு, கட்டடத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து மணியடித்தார்கள்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீக்கு அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினார். அண்ணனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"தண்ணி ஊத்தாதீங்க, நேத்துதான் குடுத்தேன்."

"ஒரு சொட்டு, பாவ்ஜி" என்றார் வஹினி. வஹினியின் வீட்டுக்காரர் என்றால் அங்கே பாவ்ஜி.

"சொட்ட நான் உட்டுக்கறேன். மஞ்சள் வேணாம். நூல இறுக்காதீங்க, பட்டையில தழும்பு உழும். ஐயோ, புடவைத் தலப்பு! இலை, இலை!"

ஷிந்தே வஹினி இடுப்பில் கைவைத்து நின்றார். "பாவ்ஜி, நாங்க எங்க வீட்டுக்காரங்க ஆயுசுக்கு வந்திருக்கோம். உங்க மரத்தோட ஆயுசுக்கு இல்ல" என்று இந்தியும் மராத்தியுமாய்ச் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தாரா? மரத்தைத் தொட்டியோடு தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் புடிச்சிக்கறேன், நீங்க சுத்துங்க."

"கீழ வையுங்க பாவ்ஜி! ஏழு பிறவிக்கும் உங்களையா கேக்க முடியும்?"

மரம் ஹால் நடுவே தரையில் இறங்கியது. அவர்கள் ஏழு சுற்றை முடித்தார்கள். பிறகு வஹினி, "நீயும் வா" என்று பவுன் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணி கை கழுவி, முந்தானையைச் செருகி, நூலை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு முதல் சுற்றுச் சுற்றினார்.

"பவுனு, தள்ளி நட. வெளிச்சத்த மறைக்கற."

அண்ணி நின்றார். கண்ணைத் திறந்தார். நூலைத் தட்டில் வைத்தார்.

"இன்னும் ஆறு இருக்கே" என்றார் வஹினி.

"இந்தப் பொறப்புக்கு ஒண்ணு சுத்தியாச்சு வஹினி. மீதி ஆறுக்கும் அவரு இந்த மரத்தையே கட்டிக்கட்டும்."

எழுந்த சிரிப்பு மழைச் சத்தத்தையும் மீறிக் கீழ்மாடிவரை கேட்டதாம். பெண்கள் கிளம்ப, அண்ணி டீப் பாத்திரத்தை அப்படியே பிடிதுணியோடு இறக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் எதிர்வீட்டுக்குப் போனார். இப்போதெல்லாம் மத்தியானம் போன் செய்தால் அங்கிருந்துதான் பேசுகிறார். பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கிறது. அண்ணனும் போன் செய்கிறார். இலை ரெண்டு விழுந்துவிட்டதாம், யார் கண் பட்டதோ என்று கேட்கிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நமக்குச் செடியே ஆகாது என்கிறீர்கள். மரமாகத்தான் இருக்க வேண்டுமா? மீன்தொட்டி இல்லையா, கண்ணாடி அலமாரி இல்லையா, உறை பிரிக்காத சோபா இல்லையா? இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் எதிர்வீட்டிலிருந்து வந்தால், அவரைக் கோபிக்காதீர்கள். முதலில் உங்கள் ஹாலில் ஒருவர் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.