எட்டுச் சாவிகளும் ஒரு சூட்கேசும்

கடலைப் பார்த்த மேல்மாடி அறையின் கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது, வீட்டின் எட்டு அறைச் சாவிகளும் கிடந்த பிஸ்கற் தகரம் உள்ளே இருந்தது. அம்பிகையின் மூக்குக்கண்ணாடியும் உள்ளேதான் இருந்தது.

வெளியே நின்ற அரியநாயகத்துக்கு ஆத்திரம் வரவில்லை. உற்சாகம்தான் வந்தது.

"பாத்தீரே அம்பிகை? நேற்று இப்பிடி ஒண்டு நடந்ததோ?"

"நேற்று நான் கண்ணாடி போட்டிருந்தனான்," என்றாள் அவர் மனைவி.

அரியநாயகம் சூரிச்சில் ட்ராம் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் கடலோரமாக எட்டு அறை வீடு கட்டினார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்தால் படுக்க இடம் வேண்டுமே. அவர்கள் வருவது கோடை விடுமுறைக்கு மட்டும். மிச்ச நாளெல்லாம் எட்டு அறைகளுக்கு இரண்டு பேர்.

பெரிய வீட்டைக் கடலோரத்தில் சும்மா பூட்டி வைக்க முடியாது. உப்புக் காற்று முதலில் கதவுப் பிணைச்சல்களைப் பிடிக்கும், பிறகு பூட்டுகளைப் பிடிக்கும். ஆகவே தினமும் எல்லா அறைகளையும் திறக்க வேண்டும். திறப்பதிலும் ஒரு முறை உண்டு. தென்மேற்குக் காற்று அடிக்கும் சோளகக் காலத்தில் கிழக்கு யன்னலை முதலில் திறந்துவிட்டுத்தான் மேற்கு யன்னலைத் தொட வேண்டும். அப்போதுதான் புகுந்த காற்று மற்றப் பக்கத்தால் வெளியே போகும். இல்லாவிட்டால் கதவு வழியாக ஓடும், ஓடும்போது கதவையும் இழுத்துக்கொண்டு போகும். அவர் சுவிசிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து போட்ட பூட்டுகளோ, கதவு சாத்தினால் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வகை.

யன்னல்கள், தண்ணீர் மோட்டர், குழாய்கள், தேநீர் என்று எல்லாவற்றுக்கும் அவர் ட்ராம் ஓடுவது போல ஒழுங்கு வைத்திருந்தார். அந்த ஒழுங்கு போன கிழமை ஒரு மாலைத் தேநீரோடு கவிழ்ந்தது.

"நாளைக்கு நீங்கள் என்ன செய்வியள், என்ன கதைப்பியள் எண்டு எனக்கு இண்டைக்கே தெரியும்," என்று அம்பிகை சொன்னாள். "எனக்கு ஒரு மாற்றம் வேணும்."

அரியநாயகம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டு வல்லிபுரத்தின் மனைவி சுலோஜனாவும் இதையேதான் சொன்னாள். ஒரு மாற்றத்துக்காகப் பாரிசில் மகளிடம் போனவள் இன்னும் திரும்பவில்லை. வல்லிபுரம் கடைப் பாண் ரொட்டியும் சம்பலுமாகக் காலம் தள்ளுகிறார். அம்பிகையும் சூரிச்சில் இருக்கும் மகள் நிலாந்தியிடம் போய்விட்டால் இந்த எட்டு அறைகளிலும் தன் இருமலை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் பயந்தார்.

எனவே ஒழுங்கை ஒழித்தார். சாவிகளைப் பிஸ்கற் தகரத்தில் போட்டுக் குலுக்குவது, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது, அது எந்த அறையோ அங்கேதான் அன்றைய சாப்பாடும் படுக்கையும். முதல் நாள் கடல் அறை வந்தது. சந்தோஷத்தில் மேற்கு யன்னலை முதலில் திறந்துவிட்டார்; கதவு சாத்திக்கொண்டது அப்படித்தான்.

வல்லிபுரத்தின் ஏணியை வாங்கி, கடற்பக்கம் அதைச் சாத்த இடமில்லாததால் கிழக்கு யன்னலின் கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கினார். சாவிகள் கிடைத்தன. உடைந்த யன்னலால் இரவு நுளம்பும் வந்து இருவரையும் கடித்தது.

அடுத்த நாள் சாமான் அறை வந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்தபோது அம்பிகை, "அகதியாய்ப் போன நாளிலைகூட எனக்குக் கட்டில் தந்தவங்கள்," என்றாள்.

மூன்றாம் நாள் மோட்டரில் சிக்கல். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதைக் காட்டும் மிதவை எப்போதோ உப்பில் இறுகிப் போயிருந்தது. ஆனால் அவர் எட்டாவது அறை யன்னலைத் திறந்து முடிக்கும்போது தாங்கி சரியாக நிரம்பும். அந்தக் கணக்கில்தான் அவர் மோட்டரை நிறுத்திவந்தார். இப்போது வரிசை இல்லாததால் கணக்கும் இல்லை. தாங்கி வழிந்து, மொட்டைமாடியில் அம்பிகை காயப்போட்டிருந்த செத்தல் மிளகாய் முழுவதும் நனைந்தது.

மிளகாயை அள்ள உதவப் போன அரியநாயகம் திகைத்து நின்றார். ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமான மிளகாய்.

"இரண்டு பேருக்கு இவ்வளவு என்னத்துக்கு?"

"தேவை இருக்கு," என்றாள்.

மிளகாய் மறுபடி காய்ந்தது. வறுபட்டது. தூளானது. ஒரு வீட்டில் இவ்வளவு தூள் இடித்தால் அங்கிருந்து யாரோ விமானம் ஏறப்போகிறார்கள் என்று தீவில் யாருக்கும் தெரியும். அரியநாயகம் மெல்லக் கட்டிலுக்கடியில் பார்த்தார். சூட்கேஸ் இருந்தது. உள்ளே தூள், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனங்கட்டி, பேரனுக்குச் சட்டைகள், தடித்த கம்பளிக் காலுறைகள்.

அன்றே அலுமாரியில் இருந்து அம்பிகையின் பாஸ்போட்டை எடுத்தார். தகரத்தைக் குலுக்கி, வந்த அறையில் மெத்தைக்கு அடியில் ஒளித்தார். தேடுவாள், கேட்பாள், அப்போது கெஞ்சிப் பார்க்கலாம் என்பது திட்டம்.

அவள் தேடவேயில்லை. அதுதான் அவரை இன்னும் கலங்கடித்தது.

கடைசி முயற்சியாக, வெள்ளிக்கிழமை நெடுந்தீவுக்குப் படகில் போவோம் என்றார். இனி யன்னல், மோட்டர் என்று அலையாமல் விடிந்தால் பொழுதுபடும்வரை அவள் பக்கத்திலேயே இருப்பதாக வாக்கும் கொடுத்தார்.

அம்பிகை நாள்காட்டியைப் பார்த்தாள். "வெள்ளி வரட்டும்," என்றாள்.

வெள்ளி வந்தது. கூடவே வாடகை வண்டிக்காரன் பிரதாபனின் வானும் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வான். பிரதாபன் உள்ளே போய்ச் சூட்கேசைத் தூக்கி வந்து பின்னுக்கு வைத்தான். அரியநாயகம் ஓடிப்போய் வானுக்குக் குறுக்கே நின்றார்.

"தம்பி, அவவை ஏத்தாதையும். அவ போக ஏலாது. அவவின்ரை பாஸ்போட்டை நான் ஒளிச்சு வைச்சிட்டன்."

பிரதாபன் திரும்பி வாசற்படியைப் பார்த்தான். அம்பிகை வீட்டுச் சேலையோடு, கையில் எட்டுச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துப் பிடித்தபடி நின்றாள்.

"அக்காவின்ரை பாஸ்போட் என்னத்துக்கு அண்ணை?" என்றான் பிரதாபன், வானின் முன்கதவைத் திறந்து பிடித்தபடி. "உங்கடை பாஸ்போட்டும் ரிக்கெற்றும் என்னட்டை இருக்கு. மூண்டு மாசம் மகளிட்டைப் போறது நீங்கள்தானே. அக்காவுக்கு ஒரு மாற்றம் வேணுமாம்."