டைரியில் இல்லாத பன்னிரண்டரை மணி

எதையும் மணி போட்டு எழுதி வைப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: பிற்பாடு "ஞாபகமில்லை" என்று நழுவ முடியாது. ஆகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை முடக்கியது நான்தான்.

அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் நான் புதியவன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம். எல்லா வேலையும் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடியது. கேண்டீன் டோக்கன் மென்பொருளும் அதில்தான். கார்டைக் காட்டினால் ஆளின் படத்தைத் திரையில் போட்டு, டோக்கன் அடித்துத் தரும். அது அளவுக்கு மீறி மெமரியைத் தின்கிறது என்று எனக்குச் சந்தேகம். (யாரும் என்னைச் சந்தேகப்படச் சொல்லவில்லை.)

பதினைந்து நாள் அளந்தேன். காலை எட்டு, பத்து, மாலை மூன்று, ஐந்து என்று டைரியில் எழுதினேன். கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்து, மெமரி இதற்கு மேல் கூடாது, பிராசசரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வரம்பு போட்டேன். மெமரி மீறினால் லினக்ஸ் அதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். உலகையே ஒழுங்குபடுத்திவிட்ட பூரிப்போடு, பன்னிரண்டரைக்கு வழக்கம்போல் வரிசையில் முதல் ஆளாக டோக்கன் வாங்கி பிரியாணியில் கை வைத்தேன்.

மூன்றாவது கவளத்தில் கூச்சல் கேட்டது.

நாலு பேரின் படம் ஏறி டோக்கன் வந்ததும், மெமரி என் வரம்பைத் தாண்டி மென்பொருள் செத்துவிட்டது. பிராசசரையும் நானே இறுக்கியிருந்ததால், எழுந்து வர அதற்கு மூன்று நிமிடம். மறுபடி நாலு பேர். மறுபடி சாவு. வெளியே முந்நூறு பேர். ஒரு மணி சைரன் அடித்தால் பட்டினியோடு மெஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"டோக்கன் இல்லாம தட்டு இல்லிங்க, ரூலு" என்றார் கேண்டீன் நடத்தும் ஜாபர் பாய்.

"ரூலையா பாய் திங்கறது?" என்றாள் இரண்டாம் முறையும் நாலோடு நின்றதில் ஐந்தாவதாகச் சிக்கி, கார்டால் விசிறிக்கொண்டு நின்ற கல்பனா. தரப்பரிசோதனைப் பிரிவு, கெலமங்கலத்துக்காரி.

எச்சில் கையோடு சர்வர் அறைக்கு ஓடினேன். (ஓடுமுன் இடது கையால் டைரியில் 12.43 என்று எழுதியதையும் மறைக்கவில்லை.) வரம்பை எடுத்துவிட்டுத் திரும்பினால் மணி 12.52. டோக்கன்கள் கொட்டத் தொடங்கின. வாசலில் மேனேஜர் மஞ்சுநாத்.

"ஏனப்பா, என்னா பண்ணின நீ?"

"நல்லா அளந்துதான் சார் போட்டேன்" என்று டைரியை நீட்டினேன். கல்பனா எட்டிப் பார்த்தாள்.

"எல்லா மணியும் இருக்குது, பன்னெண்டரைய மட்டும் காணோமே சார். ஒரு நாளு கூடவா அளக்கல?"

"அது வந்து... அப்ப நான் சாப்பாட்டுல இருப்பேங்க."

எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். சைரனை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்.

"நீ இனிமே மதியமும் அளக்கிற. எல்லாரும் தின்ன அப்புறம் கடைசில தின்னுற. அப்பத்தான் உன் வேலை நிரந்தரம்."

நிரந்தரமாயிற்று. கடைசி வரிசையில் கல்பனாவோடு பேச்சும் நிரந்தரமாயிற்று. பரிசோதனை முடித்து அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாளாம். அன்று ஒரு நாள்தான் பிரியாணிக்காக முந்தி வந்திருக்கிறாள்.

இன்றும் வீட்டில் ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டினால் அடுப்பை அணைத்துவிடுகிறாள். "நாலோட நின்னுடுச்சுங்க. மூணு நிமிசம் கழிச்சு வாங்க."

எங்கள் மகள் நோட்டை எடுத்து மணி குறிக்கிறாள்.