லெஃப்ட் பேக் பம்ப்செட்

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக ஒரே ஒரு கோலுக்குச் சால்வை வாங்கிக்கொண்டிருக்கிற ஆள் நான். கோயமுத்தூரில் நான் படித்த கல்லூரி கால்பந்து ஃபைனலில் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அதில் விழுந்தது ஒரே ஒரு கோல். அடித்தது நான். அடித்தது என்றால், பின்மண்டையால். அந்த நேரத்தில் நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். பந்து வந்ததையும் பார்க்கவில்லை, உள்ளே போனதையும் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடிவந்து என்மேல் விழுந்து புரண்டபோது, ஆட்டத்தின் நடுவில் லேஸ் கட்டியதற்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பந்தை கிரவுண்டின் மறுகோடியிலிருந்து உதைத்தவன் எங்கள் டீம் பம்ப்செட். கொங்கு நாடு முழுக்கச் சலித்தாலும் அவ்வளவு மரியாதையாகக் கோபப்படுகிற இன்னொரு மனிதன் கிடைக்கமாட்டான்.

அன்னூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன். விடியற்காலையில் ஹாஸ்டல் கிரவுண்டைச் சுற்றி ஓட ஆரம்பித்தால் கிணற்று மேட்டுப் பழைய மோட்டார் மாதிரி ஒரே சத்தம், ஒரே வேகம். யாராவது போய் ஸ்விட்சை அணைத்தால்தான் நிற்பான் என்று வார்டனே சொல்லுவார். பேர் வந்தது அப்படித்தான். ஆடியது லெஃப்ட் பேக். அதாவது எங்கள் கோலுக்கு இடது பக்கம் காவல். அந்தப் பக்கமாக வருகிற எதிராளியை மறிப்பது அவன் உத்தியோகம்.

மேட்ச் தொடங்குமுன் அந்த எதிராளியிடம் நேராகப் போவான்.

"ஏனுங்க, சௌக்கியங்களா? எந்தூருங்க?"

"உடுமலைப்பேட்டைங்க."

"நல்ல ஊருங்க. ஊட்ல அம்மா அப்பா நல்லா இருக்கறாங்களா? செரி, இந்தப் பக்கமா பந்தைக் கொண்டாந்தீங்கன்னா சாச்சுப்போடுவேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

பத்தாவது நிமிஷம் உடுமலைக்காரன் மண்ணில் கிடப்பான். பம்ப்செட் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அவன் முதுகைத் தட்டிவிட்டு, கண் சிவக்க, "நாந்தான் மொதல்லயே சொன்னனுங்களே!" என்று கத்துவான். ரெஃப்ரி ஓடிவந்து பாக்கெட்டில் கைவிடுவார். "சார், நான் பந்தைத்தானுங்க எடுத்தேன். அவருதானுங்க காலை நடுவுல வெச்சுட்டாரு" என்று கும்பிடுவான். இவ்வளவு பணிவான ஆளுக்கு எப்படி மஞ்சள் கார்டு காட்டுவது? கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

ஆனால் அவனுடைய நிஜக் கோபம் எதிராளிமேல் இல்லை. எங்கள்மேல். முன்னால் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்டு ஆட்கள்மேல். நாங்கள் பந்தை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்போம். அவன் நாலு பேரோடு தனியாக மல்லுக்கட்டுவான். கட்டி முடித்து, கிரவுண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவான்.

"ஏனுங்க ஹீரோ! சும்மா நிக்கறதுக்குக் கேலரிக்கே போயிருங்களேன்! அங்கயாச்சும் நெழல் இருக்குது!"

நாங்கள் கோல் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக் கும்மாளம் போடும்போது அவன் மட்டும் வரமாட்டான். நின்ற இடத்திலிருந்தே, "கொஞ்சுனது போதுமுங்க, எடத்துக்கு வாங்க!" என்பான். நாலு வருஷத்தில் அவன் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு மேட்ச்சில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று பின்னால் ஓடிவந்தேன். எப்படியோ பந்து என் காலில் சிக்கியது. அந்த அதிர்ச்சியில் எந்தப் பக்கம் யாருடையது என்பது மறந்துபோய், பலம்கொண்ட மட்டும் உதைத்தேன். பந்து பம்ப்செட் முழங்காலில் பட்டு, எங்கள் கோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது: ஓன் கோல். தோற்றோம். எங்கள் பி.டி. மாஸ்டர் நோட்டைத் திறந்துகொண்டு, "எவன்டா அது?" என்று கர்ஜித்தார்.

"என் காலுல பட்டதுதானுங்க சார்" என்றான் பம்ப்செட்.

நான் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவிழாத லேஸை.

அடுத்தது சுவர் விவகாரம். எங்கள் கிரவுண்டை ஒட்டி ஒரு நூல் மில். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு சுவர். டீமுக்கு இருந்ததோ இரண்டே பந்து. அதனால் ஒரு சட்டம்: சுவர் தாண்டிப் போன பந்தை எத்தினவன்தான், அதாவது உதைத்தவன்தான், எடுக்க வேண்டும். ஃபார்வர்டுகளான எங்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை; நாங்கள் உதைத்தால் பந்து அவ்வளவு தூரம் போகாது. ஆபத்து வரும்போதெல்லாம் பந்தை வானத்துக்கு அனுப்புகிறவன் பம்ப்செட். சுவரேறிக் குதிக்கிறவனும் அவன்தான். எங்கள் பிரின்சிபாலுக்கு அவன் பேர் தெரியாது. மில் வாட்ச்மேனுக்கு அவன் வீட்டில் எத்தனை எருமை என்பதுவரை தெரியும்.

இப்போது ஃபைனலுக்கு வருகிறேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அள்ளி வீசுகிற மாதம். ஒரு கோலும் விழாமல் ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் கோல் கோட்டிலிருந்து பம்ப்செட் ஒரு உதை உதைத்தான். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்மண்டையில் இறக்கியது. மீதி உங்களுக்குத் தெரியும். ஆஃப்சைடா என்று கேட்காதீர்கள். ரெஃப்ரி கண்ணில் மண் விழுந்திருந்தது. அதற்கப்புறம் எதிர் டீம் வெறிபிடித்த மாதிரி ஏறி வந்தது. நான் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பம்ப்செட் ஒருத்தனே விழுந்து புரண்டு தடுத்தான். கடைசியாக அவன் உதைத்த பந்து சுவரைத் தாண்டியது. விசில். ஜெயித்துவிட்டோம்!

போட்டோகிராபர் வந்தார். "கோல் அடிச்சவரு நடுவுல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கிளிக். மாலை போட்டார்கள். கிளிக். பம்ப்செட்? எத்தினவன்தானே எடுக்க வேண்டும்! மில்லுக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தான். அவன் சுவரேறி வரும்போது கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

இத்தனையும் தெரிந்த நான் போன மாதம் என்ன செய்தேன் தெரியுமா? பி.பி. மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றை மலராகப் போடுகிறார்களாம். புதுப் பெவிலியன் சுவரில் 'தலைசிறந்த பதினொருவர்' என்று கருங்கல்லில் பெயர் வெட்டுகிறார்களாம். தேர்வுக் குழுவில் நானும் ஒருத்தன். பி.டி. மாஸ்டரின் பழைய நோட்டுகளைப் புரட்டினோம். அவர் எழுதி வைத்ததெல்லாம் ஒன்றே ஒன்று: யார் கோல் போட்டது. அதையும் போட்டோக்களையும் வைத்துப் பட்டியல் ரெடி. பதினொரு பேரும் கோல் அடித்தவர்கள். நான் மொத்தமே நாலு கோல். ஆனால் ஃபைனல் கோல் என்பதால் சிறப்புச் சலுகை. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பம்ப்செட் கோல் கணக்கில் இல்லை, போட்டோவில் இல்லை. என் மண்டையிலும் இல்லை. அவன் பந்து பட்ட அதே மண்டை!

மலரின் ப்ரூஃப் வீட்டுக்கு வந்தது. ஃபைனல் போட்டோவை என் மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஜெயிச்ச டீமுங்கறீங்க. ஒரு பந்தைக்கூடக் காணமே?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போனேன். விழாக் குழு அமைப்பாளர் எங்களுக்கு ஜூனியர். பந்தை உதைத்ததைவிட மைக்கைப் பிடித்தது அதிகம்.

"அவரு எத்தன கோலுங்க போட்டிருக்காரு?" என்றார்.

"போடலைங்க. போட விடலை!"

நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "அட, இருக்குதுங்களே! ஒரே ஒரு எடத்துல பேரு வருது." கொஞ்சம் நிதானித்து, "ஓன் கோலுன்னு போட்டிருக்குதுங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மேஜையில் ஓங்கி ஒரு குத்து. டீ கிளாஸ் துள்ளிச் சாய்ந்தது. மொத்த டீயும் என் வேட்டியில். வேட்டியை உதறிக்கொண்டே கத்தினேன். "அது என்னோட கோலுங்க! எத்துனது நானு! அவன் முழங்கால் நடுவுல இருந்தது, அவ்வளவுதான்! வாயைத் தொறக்காம நின்னவனுக்குக் கல்வெட்டு, பழியை ஏத்துக்கிட்டவனுக்கு ஓன் கோலா? பத்து மாடு மேய விட்டுப்போட்டு, ஒரு வேலிகூடப் போடாம, இது தோட்டம்ங்கறீங்களா?"

அடுத்த அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப என்னங்க பண்றது? மத்தியானம் கல்லு வெட்டற ஆளு வாரான். பதினொண்ணுக்கு மேல எடமில்லைங்க."

"என் பேரை அடிச்சுப்போட்டு அவன் பேரை எழுதுங்க."

"அப்ப விழாவுல உங்களுக்குன்னு வாங்கின சால்வை?"

"நீங்களே போத்திக்குங்க!"

கண்ணெதிரே என் பெயரை அடித்து, பம்ப்செட் பெயரை எழுத வைத்து, பட்டியலின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, டீக்கறை வேட்டியோடு அப்படியே பஸ் ஏறினேன். கல் வெட்டுமுன் அவன் பார்த்துவிட வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் அவனுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பார்த்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன்: அவன் கண் கலங்குவான், நான் தோளில் தட்டுவேன், அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஃபார்வர்டைக் கட்டிப்பிடிப்பான்.

"ஏனுங்க ஹீரோ, வாங்க, வாங்க! தலை நல்லா இருக்குதுங்களா?" என்று ஸ்டூலைத் தள்ளினான். கதையை ஒப்பித்தேன், மேஜையைக் குத்தியது உட்பட. டீக்கறையைச் சாட்சியாகக் காட்டினேன். "எதுக்குங்க வீணா சத்தம் போட்டுக்கிட்டு" என்று சிடுசிடுத்துக்கொண்டே கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினான். கண்ணாடி மாட்டினான். மேலிருந்து கீழே படித்தான். விரலை வைத்துக் கீழிருந்து மேலே படித்தான்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. நிற்கிற நிலை மட்டும் அதேதான்: இரண்டு காலையும் அகட்டி, யாரோ பந்தோடு ஏறி வருகிறார்கள் என்பதுபோல. பின்னால் இவன் நிற்கிறான் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் நாலு வருஷம் திரும்பிப் பார்க்காமல் ஆடினேன் என்பது அந்தப் பட்டறையில்தான் எனக்கு உறைத்தது. கர்ச்சீப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவனுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"என்னுங்க, இப்பத் திருப்திதானுங்களே?" என்றேன்.

காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

"கோல்கீப்பரைக் காணமுங்க."